மெட்டி பெருகிய நாள்

முத்துராணிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நடுகைக்கு இறங்கினால், மற்ற பெண்கள் பாதி வயலைத் தாண்டுமுன் இவள் எதிர்வரப்பில் நின்று, “என்னளா, ஆடி அசைஞ்சு வாரிய?” என்று கேட்பாள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவள் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவளைக் கொரோனாவின் இரண்டாம் அலையில், வாசலில் நோட்டீஸ் ஒட்டி வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். புருஷன் மணிராஜ், அம்பாசமுத்திரம் அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறவன், திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். மகன் திருப்பூரில், பஸ் ஓடவில்லை.

உள்ளுக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். மணிக்கொரு தரம் போன் போட்டாள். அவனால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாது; மூச்சுச் சத்தம் கேட்டால் போதும், வைத்துவிடுவாள். வைத்த மறுநிமிடமே மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பாள்.

ஏழாம் நாள் அவள் வலது கால்விரல்கள் சிவந்து எரிந்தன. சேற்றுப்புண் என்று மருதாணியை அரைத்து அப்பினாள். சாயம் ஏறியதில் எது நோய், எது மருதாணி என்றே தெரியாமல் போயிற்று. இரண்டு நாள் வீண்.

காய்ச்சல் பார்க்க வந்த கிராமச் செவிலி லில்லிதான் கண்டுபிடித்தாள்.

“யக்கா, இதென்ன கால்ல?”

“சேத்துப்புண்ணு.”

“வாய்க்கால்ல தண்ணியே விடல, வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. நீங்க எந்தச் சேத்துல எறங்குனிய?”

லில்லி குனிந்து பார்த்தாள். மற்ற விரல்கள் நாவல்பழமாகக் கறுத்திருந்தன. இரண்டாம் விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. லில்லி படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, பதிலைக் கேட்டுச் சொன்னாள்.

“காய்ச்சல் இல்லாமலே இந்தக் கொரோனாக் கிருமி சில பேருக்குக் கால்வெரல்ல இப்பிடிக் காட்டுமாம். வீக்கம் தானா வடிஞ்சிரும். ஆனா மெட்டிய இன்னைக்கே எடுக்கணும். இல்லன்னா வெரலுக்கு ரத்தம் போவாது, அழுகிரும்.”

“எடுக்க மாட்டேன்.”

“யக்கா!”

“அவுக மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்காவ. இந்த நேரத்துல மெட்டியக் கழத்தச் சொல்லுதியே, நீயும் ஒரு பொம்பளையா?”

அது லேசில் கழலவும் கழலாது. கல்யாணமான புதிதில் அந்த மெட்டி நடுகைச் சேற்றில் உருவிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் மணிராஜ் அந்த வயலைக் கையால் துழாவி எடுத்து வந்தான். அன்றைக்கே நகை செய்கிற சிவசண்முகம் ஆசாரியிடம் சொல்லி, மெட்டியின் இரு முனையும் சேரும் வாய் தெரியாமல் பற்றவைத்துவிட்டான்.

மதியத்துக்குள் விரல் மரத்துப்போயிற்று. கிள்ளிப் பார்த்தாள், வலியே இல்லை. அப்போதுதான் பயந்து, லில்லிக்குப் போன் போட்டாள்.

“சரி, ஆசாரியாரக் கூப்பிடு. ஆனா ஒண்ணு, முடியுற வரைக்கும் அவுக மூச்சு எனக்குக் கேக்கணும்.”

லில்லி கொடுத்த பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு, முகக்கவசத்துக்குள் வேர்த்தபடி வந்தார் சிவசண்முகம் ஆசாரி. தாலிக்கும் மெட்டிக்கும் அறுப்பு என்கிற வார்த்தையை அந்தப் பக்கம் யாரும் வாயில் எடுப்பதில்லை. அறுந்தாலும் ‘பெருகிவிட்டது’ என்பார்கள்.

“பயப்படாத தாயி, பைய பெருக்கிருவோம்” என்று அரத்தை எடுத்தார்.

முத்துராணி மணிராஜிடம் விஷயத்தைச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள். புஸ்... புஸ்... என்று அந்தப் பக்கம் மூச்சு. இந்தப் பக்கம் கிறீச் கிறீச்சென்று அரம். அவள் மெட்டியைப் பார்க்கவே இல்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெருகிட்டு” என்றார் ஆசாரி.

போனில் சத்தம் நின்றிருந்தது.

“ஏங்க? ஏங்க!” மறுபடி போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி, மறுபடி. வெள்ளித் துண்டை ஆசாரி கையிலிருந்து பிடுங்கி, “திருப்பி ஒட்டுங்க அண்ணாச்சி, ஒட்டுங்க!” என்று கத்தினாள். பாவம், மனுஷர் என்ன செய்வார்? அவள் நோட்டீஸையும் தாண்டித் தெருவுக்கு ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர். ஆஸ்பத்திரியிலிருந்து தெரியாத நம்பர் எதற்கு வரும் என்று அந்த மாதம் எல்லோருக்கும் தெரியும். லில்லிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

புஸ்... புஸ்...

“சார்ஜு... போயிட்டு. நர்சம்மா... போனு. ஏளா... அறுத்தாச்சா?”

ஆசாரி பதறிக் காதைப் பொத்திக்கொண்டார்.

“வாயக் கழுவுங்க! பேசுத பேச்சா இது?” என்று முத்துராணி அழுதுகொண்டே கத்தினாள்.

“வெரலு... இருக்கா?”

குனிந்து பார்த்தாள். மெட்டி கிடந்த இடத்தில் ஆழமாக ஒரு தடம்; அதற்குக் கீழே விரலில் மறுபடி மெல்ல ரத்தம் ஓடி, சுருக்சுருக்கென்று வலிக்கத் தொடங்கியிருந்தது.

“இருக்கு” என்றாள். “நீங்களும் இருக்கிய.”