ஒரு பெயருக்கு எர்கினி கேட்ட விலை

என் அக்கா எர்கினிக்கு முப்பத்திநாலு வயது. ஜீயஸ் பிறந்த குகை என்று சொல்லப்படும் மலைக்குகைக்குப் போகும் பாதையின் அடியில், ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வழிகாட்டிகள் அவள் காதருகே நின்று ஒரே கதையை ஏழெட்டு மொழிகளில் சொல்வார்கள். ஜீயஸின் அப்பா குரோனஸ், தன் அப்பாவை வீழ்த்திக் கடவுள்களுக்குத் தலைவன் ஆனான். தனக்கும் அதே கதி வரும் என்று பயந்து, பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கினான். ஆறாவது பிள்ளையான ஜீயஸைத் தாய் இந்தக் குகையில் ஒளித்துவிட்டு, துணியில் ஒரு கல்லைச் சுற்றிப் புருஷனிடம் நீட்டினாள்.

அக்காவுக்கு அந்தத் தாயின்மேல் மரியாதை கிடையாது. "அஞ்சு புள்ளய முழுங்குற வரைக்கும் அவ என்னடா பண்ணிக்கிட்டு இருந்தா? ஆறாவதுக்குத்தான் கல்லு கெடச்சுதாமா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

ரெத்திம்னோ பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் இந்தக் கதைகளைத்தான் படித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அங்கே நான் தங்கிய அறைக்கும் சாப்பாட்டுக்கும் அக்காவின் தகரக் கூண்டுச் சம்பளம்தான் காசு கொடுத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்த மாதிரி இருக்கும்.

நாங்கள் தெற்குக் கடற்கரைக்காரர்கள். அப்பா தக்காளிப் பண்ணையில், பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் வேலை செய்து, அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அக்கா பதினஞ்சு வயதில் பள்ளியை விட்டுத் தக்காளி அடுக்கப் போனாள். இருபத்தஞ்சில், பாலாடைக்கட்டி விற்க வந்த ஸ்ட்ராடிஸைக் கட்டிக்கொண்டு மலையேறினாள். முதல் நாள் மாமனார் ஹரிடிமோஸ் வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாராம்.

"கீழ்நாட்டுக்காரிக்கு ஆட்டு நாத்தம் ஒத்துக்குமா?"

"ஆட்டு நாத்தம் பரவால்ல. மத்த நாத்தம் எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்."

அன்று தொடங்கியது. ஒன்பது வருடம் ஒரே அடுப்பு, ஒரே கிணறு. இருவரும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை நல்லபடியாகப் பேசியதில்லை.

அந்த வீட்டில் இரண்டே பெயர்கள். ஹரிடிமோஸின் மகன் ஸ்ட்ராடிஸ், ஸ்ட்ராடிஸின் மகன் ஹரிடிமோஸ், அப்படியே மாறி மாறி. தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்த வீட்டில் பெயரோடு இன்னொன்றும் மாறி மாறி வந்தது. ஹரிடிமோஸ் வாலிபத்தில் தன் அப்பாவின் மந்தையைப் பிடுங்கிக்கொண்டு, அவரை மலை உச்சியில் ஒரு கற்குடிசையில் விட்டுவிட்டார். மூன்று குளிர்காலம் அங்கே கிடந்தவரைக் கடைசியில் கழுதைமேல் போட்டுத்தான் கீழே கொண்டுவந்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்து மகனுக்கு ஸ்ட்ராடிஸ் என்று அப்பா பெயரையே வைத்தார். வைத்தாரே தவிர, ஒருநாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. மகனை "ஏய்" என்பார். கோபம் இல்லாத நாட்களில் "இங்க பாரு" என்பார். அத்தானுக்கு நாற்பது வயதாகிறது.

அக்காவுக்கு எட்டு வருடம் கழித்து ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பேரனுக்குத் தன் பெயரை வைத்தால் மாடி வீட்டையும் பள்ளத்து மேய்ச்சல் நிலத்தையும் மகன் பேருக்கு எழுதித் தருவதாகக் கிழவர் சொன்னார். மாடி கட்டி ஆறு வருடம் ஆகியிருந்தது. அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அக்காவும் அத்தானும் கீழே அவருடைய சமையலறைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தார்கள்.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருக்கச் சொல்லி அக்கா என்னைக் கேட்டாள். பெயர் என்ன என்று பாதிரியார் கேட்கும்போது ஞானத்தந்தை சொல்வதுதான் பெயர். தாய் அதுவரை தேவாலய வாசலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே பெயர் காதில் விழுந்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து அவளிடம் சொல்லும்.

"ஃபோட்டிஸ்னு சொல்லு," என்றாள் அக்கா. "ரெண்டு வீட்லயும் யாருக்கும் இல்லாத பேரு."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"பேரு காதுல விழுறப்போ தெரியும்."

நான் புத்தகப் பெயர்கள் சிலவற்றைச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவைக்கத்தான். தீசியஸ் என்றேன். கப்பலின் கறுப்புப் பாயை மாற்ற மறந்து, மகன் செத்தான் என்று அப்பன் கடலில் குதிக்கக் காரணமானவன் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரெஸ்டிஸ் என்றேன்.

"அவன் ஆத்தாளக் கொன்னவன்டா. உன் புஸ்தகத்துல பெத்தவங்களக் கொல்லாதவன் ஒருத்தனாவது இருக்கானா?"

"எனியாஸ். ஊரே பத்தி எரியறப்போ அப்பாவத் தோள்ல தூக்கிட்டு ஓடுனவன். அவன் வம்சம்தான் ரோமாபுரிய உண்டாக்குச்சு."

"கிழவனத் தூக்கிட்டு ஓடுனவனா? அது இன்னும் மோசம்."

பிறகு நான் படித்ததைக் கொண்டுபோய் அவள் வாழ்க்கைமேல் வைத்தேன். இந்த வீட்டில் அப்பனை மகன் துரத்துவது பெயரோடு ஒட்டி வருகிறது, நீ அந்தச் சங்கிலியை அறுக்கப் பார்க்கிறாய் என்றேன். அவள் குழந்தையின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சங்கிலியும் இல்ல சாபமும் இல்ல. ஒரு நாளைக்கு நாப்பது தடவ புள்ளயக் கூப்பிடணும். கொஞ்சணும், சோறு ஊட்டணும், தூங்க வைக்கணும். அந்தாளு பேர என்னால கொஞ்ச முடியாது. கிழவன் செஞ்சதத்தான் நானும் செய்வேன். ஏய்னுதான் கூப்பிடுவேன். எம்புள்ள பேரில்லாம வளருவான்."

"ஹரிஸ்னு சுருக்கிக் கூப்பிடலாமே?"

"மூக்க அறுத்துட்டா கிழவன் வேற ஆளாயிருவானா?"

சரி என்றேன். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞானஸ்நானம் ஜூன் மாதம். முந்தின நாள் அத்தான் என்னைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். "மாப்ள, உங்கக்கா என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். நான் கேக்கல. அந்த ரூம்ல ஒன்பது வருசம் இருந்திருக்கோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சட்ட மாத்த எடம் கெடையாது. ஒரு பேரு. வெறும் ஒரு பேரு மாப்ள." அவர் காப்பி ஆறிப்போனது. குடிக்கவில்லை. அவரிடமும் சரி என்றேன்.

தேவாலயத்தில் வெயில் சன்னல் வழியே எண்ணெய்ப் பாத்திரத்தில் விழுந்தது. குழந்தை அம்மணமாக என் கையில் வழுக்கியது. கிழவர் மெழுகுவர்த்தித் தாங்கியின் அருகே, என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். "என்னய்யா படிச்சவரே, சத்தமாச் சொல்லுங்க. கடைசி வரிசையில காது கேக்காதவங்க இருக்காங்க," என்றார் மெதுவாக. சிலர் சிரித்தார்கள். பாதிரியார் பெயர் கேட்டார்.

"ஹரிடிமோஸ்," என்றேன்.

அக்காவுக்கு வீடு கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று இந்த இடத்தில் மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் வாய் திறந்த அந்த நொடியில் மாடி வீடு என் நினைவில் இல்லை. கிழவர் பக்கத்தில் நின்றார். அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா மட்டும் வெளியே இருந்தாள், என் கண்ணுக்குத் தெரியாமல். அவ்வளவுதான்.

பிள்ளைகள் வாசலுக்கு ஓடின. வெளியே போன சத்தம் சட்டென்று நின்றது. முதலில் வந்து சொல்லும் பிள்ளைக்குத் தாய் காசு கொடுப்பது பழக்கம். ஒரு பெண் குழந்தை வெறும் கையோடு திரும்பி வந்து தன் அம்மாவின் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

முடிந்ததும் ஞானத்தந்தை குழந்தையைத் தாயிடம் கொடுக்க வேண்டும். அவள் அவன் கையை முத்தமிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா வந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"யார் புள்ள இது?" என்றாள்.

"அக்கா..."

"எம்புள்ளயத்தான உன்கிட்டக் குடுத்தேன்? இது யாருது?"

முத்தமிடாமல் வாங்கிக்கொண்டாள். விருந்தில் ஒவ்வொரு தட்டுக்கும் அவளே சோறு பரிமாறினாள். என் தட்டைத் தாண்டிப் போனாள்.

கிழவர் அன்று ஐந்து பேரைக் கட்டிப்பிடித்தார், ராக்கிச் சாராயம் குடித்தார், பாடினார். அவர் மறந்தது ஒன்று. பாதிரியார் எண்ணெய் பூசினால் சர்க்காருக்குப் போதாது. பதிவு அலுவலகத்தில் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் பெயராகும். அக்கா போடவில்லை. ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. பிறப்புச் சான்றிதழில் 'ஆண், பெயரிடப்படவில்லை' என்றே இருந்தது. காகிதத்தைப் பார்க்காமல் பத்திரம் எழுத மாட்டேன் என்று கிழவர் பிடித்துக்கொண்டார். அத்தான் இருவருக்கும் நடுவில் மெலிந்துகொண்டே போனார்.

செப்டம்பரில் மன்னிப்புக் கேட்க மலைக்குப் போனேன். அக்கா என்னைக் கூண்டுக்கு வெளியே, சீட்டு வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கத்திலேயே நிறுத்தினாள். குழந்தை அவள் காலடியில் ஒரு தக்காளிப் பெட்டிக்குள் உட்கார்ந்து சாவிக்கொத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் பேச்சைத் தொடங்குவதற்குள் அத்தானின் வண்டி வந்து நின்றது. கிழவர் இறங்கினார். அத்தான் வண்டியிலேயே இருந்தார்.

"எத்தன பேரு?" என்றாள் அக்கா.

"என்ன எத்தன பேரு?"

"சீட்டு."

"எங்க தாத்தன் இந்தக் குகைக்குள்ள ஆடு அடைச்சவன்டி."

"ஆட்டுக்குச் சீட்டு கெடையாது. மனுசனுக்குத்தான்."

பின்னால் நின்ற வழிகாட்டி இருமினார். கிழவர் கூண்டின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றினார். "பத்திரம் எழுதி வெச்சாச்சு. நீ போய்க் கையெழுத்துப் போட்ட அன்னிக்கே நானும் போடறேன். மாடிச் சாவிய வாங்கிக்க. வைராக்கியத்த வெச்சு அடுப்பெரிக்க முடியாது."

அக்கா சீட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"போடறேன். ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும்."

"என்ன?"

"உங்க மகனப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க. என் காதுல விழணும்."

"எதுக்கு?"

"உங்க பேர நான் சாகுற வரைக்கும் சொல்லணும். உங்கப்பா பேர நீங்க ஒரு தடவ சொன்னா என்ன?"

கிழவர் கைகளை எடுத்துவிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். காகிதத்தில் தன் பெயரைப் பார்க்கத்தான் அவர் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. வண்டி இருந்த பக்கம் திரும்பினார்.

"ஸ்ட்ராடிஸ்."

"கேக்கல," என்றாள் அக்கா.

மறுபடி கூப்பிட்டார். இந்த முறை சத்தமாகவே வந்தது. சுற்றுலா வந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் திரும்பவில்லை. வண்டிக் கதவு திறந்துதான் இருந்தது. ஸ்டியரிங்கில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. அவருக்குச் சைகை காட்ட நான் கையைத் தூக்கினேன்.

"நீ வாயத் தொறக்காத," என்றாள் அக்கா என்னிடம்.

கிழவர் வண்டி வரைக்கும் நடந்துபோய், கதவருகே நின்று மூன்றாவது முறை சொன்னார். அத்தான் தடுமாறி இறங்கினார்.

"என்னப்பா? யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாகல. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு பதிவாபீசுக்குப் போ."

மறுநாள் காலை அக்கா கையெழுத்துப் போட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. கிழவரும் மாற்றவில்லை. அந்த வாரமே மாடிக்குக் குடிபோனார்கள். அதன் பிறகும் அவர் மகனை ஏய் என்றுதான் கூப்பிடுகிறார்.

நான் அக்டோபரில் போனேன். மேலே சாமான் அதிகம் இல்லை, எதிரொலி இருந்தது. அக்கா எனக்குக் காப்பி வைத்தாள். அதுவே பெரிது என்று நினைத்தேன்.

"வீடு கெடச்சிருச்சுல்லக்கா," என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"கெடச்சுது. அந்தக் கிழவன் தொண்டையில இருந்து ஒரு பேரப் பிடுங்கிட்டுத்தான் நான் என்னோடதக் குடுத்தேன். நீ சும்மா தூக்கிக் குடுத்துட்ட."

குழந்தை பால்கனிக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றது. தொட்டி மண்ணை அள்ளி வாயில் போட்டது. கீழே முற்றத்தில் கிழவர் தன் வழக்கமான மரத்தடியில் இரண்டு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்துபோய், தெரு முழுக்கக் கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

"ஹரிடிமோஸ்! மண்ணத் திங்கிறியே, அறிவிருக்கா உனக்கு? ஹரிடிமோஸ், மூக்கத் தொடச்சுக்க. குளிச்சு எத்தன நாளாச்சு? கிட்ட வந்தா நாறுது."

கீழே ஊர்க்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார். கிழவர் தலையைத் தூக்கவில்லை. குழந்தை வாயில் மண்ணோடு அக்காவின் முகத்தையே பார்த்தது. அவள் யாரைத் திட்டுகிறாள் என்று அதற்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு, முற்றம் வழியாகப் போகாமல் பின்படியில் இறங்கி வந்தேன்.