நல்லதண்ணிக் கிணற்றடியில் மாமா

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் தாய்மாமனின் ஆசை பயமும் அறியாதது.

குருநகர்க் கடலில் வலை இழுக்கிற மனிதர் அவர். கோயில் கூத்தென்றால் ராணி வேடம் அவருக்குத்தான். இந்தியாவிலிருந்து நாடகம் போட வந்திருந்த வாத்தியார் அந்த ராணியைப் பார்த்து அசந்துபோனார். தானே எழுதித் தானே ஆட்டுவிக்கிற ஆள். சென்னைக்குத் திரும்பியதும் பேசும்படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பாடு எடுத்துப் பெயரும் வாங்கினார். தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி மாமா அவரைவிட்டு அகலவில்லை.

"போறதெண்டால் என்னையும் பிள்ளையையும் கடலிலை தள்ளிப்போட்டுப் போங்கோ" என்ற மாமி, அதோடு மாமாவுடன் கதைப்பதையே விட்டுவிட்டார்.

வாத்தியார் ஒரு சோதனை வைத்தார். "மேடைன்னா தூரத்துலேர்ந்து பாப்பாங்க தம்பி. படத்துல மூஞ்சிகிட்டயே மிஷின் வந்துடும். பட்டப்பகல்ல பொம்பளைங்க நடுவுல நின்னு ஏமாத்திட்டு வா, கூட்டிட்டுப் போறேன்."

சேலையைச் செருகிவிட்டபடியே அம்மா எச்சரித்தார். "பிடிபட்டாயோ, துடுப்பாலை முறிப்பாங்களடா!"

"நனைஞ்ச பிறகு முக்காடு என்னத்துக்கு, அக்கா" என்றபடியே மாமா முக்காட்டை இழுத்துவிட்டார்.

தனியே ஒரு பெண் தண்ணீருக்குப் போனால் ஊர் கேள்வி கேட்கும். அதனால் துணைக்கு நான்.

நல்லதண்ணிக் கிணற்றைச் சுற்றிப் பெண்கள். சற்றுத் தள்ளிப் பூவரசின் கீழ் ஆண்கள் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா வாளியை இறக்கினார். அது நிறைந்ததும்தான் வந்தது வினை: கிணற்றுக்கட்டில் ஒரு காலை ஊன்றி, உடம்பைப் பின்னே சாய்த்து, வலை இழுப்பதுபோலவே கயிற்றை இழுத்தார்.

"ஆரடி உவள்? வலை இழுக்கிற சம்மாட்டியார் மாதிரிக் காலை ஊண்டிக்கொண்டு நிக்கிறாள்!" என்றாள் ஒரு கிழவி. "முக்காட்டை எடு பிள்ளை, பாப்பம்!"

பூவரசின் கீழே ஒருவர் எழுந்து நின்றார். மாமாவின் கை கயிற்றிலேயே உறைந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், எதிரே குடத்தோடு மாமி. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ மன்னாராலை வந்த என்ரை மச்சாள், ஆச்சி. அங்கை உப்பிடித்தான் அள்ளுறவை" என்றார் மாமி. கிட்டே வந்து குடத்தை நிறைத்து மாமாவின் இடுப்பில் தூக்கிவைத்தார். "வெயில் ஏறுது. வீட்டை போங்கோ, மச்சாள்."

வீடுவரை ஓட்டம். "மாமியே ஏமாந்துபோனா! மன்னார் மச்சாளெண்டு நினைச்சிட்டா!" என்று நான் கூவ, அங்கே காத்திருந்த வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார். "கிளம்பு தம்பி!" மாமா சேலையோடேயே முற்றத்தில் ஒரு சுற்று ஆடினார்.

பிந்தித்தான் மாமி வந்தார். கொடியில் கிடந்த மாமாவின் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"மாமி, அது மாமா! உங்களுக்குத் தெரியேல்லையே?"

"தெரியேல்லை, பிள்ளை."

எனக்கு மாமியைப் பார்க்கப் பாவமாயிருந்தது. இவ்வளவு காலம் கூடவே இருந்தும், சொந்தப் புருஷனை அடையாளம் தெரியாமல் போய்விட்டதே!