டாக்டர் சொன்ன முதல் வழி

பல்செட் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முப்பது வருடமாக ஊரில் பாதிப் பேர் கடித்துத் தின்றது அவர் கைபட்ட பல்லால்தான். ஆனால் சொந்த வீட்டு நாயின் வாயை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

நாய்க்குப் பன்னிரண்டு வயது. தட்டைத் தேடி அது வராது. தட்டுதான் அதைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தோரணைக்காகவே வீட்டில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

“என்னங்க, மாப்பிள்ளை வாய் ரொம்ப நாறுது. தண்ணிக் கிண்ணத்துல ரத்தம் மாதிரி இருக்கு,” என்றாள் மனைவி.

“வயசானா நாறத்தான் செய்யும். பல்லு ஆடுதோ என்னமோ,” என்றார், கையிலிருந்த அரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வாயில் வைத்தது ஒரு பக்கமாக ஒழுக ஆரம்பித்த பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனார். மனைவிக்கு முழங்கால் வலி, தனியாகத்தான் போனார். டாக்டரம்மா உதட்டை விலக்கிக் காட்டினார். கீழ்த்தாடையின் முன்பக்கம், பல்லை ஒட்டிச் சிவப்பாக ஒரு கட்டி. அதில் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார். அடுத்த வாரம் முடிவு வந்தது.

“கேன்சர்தான் சார். ஆனா வேற எங்கயும் பரவல. முன்தாடையை வெட்டி எடுத்துட்டா இந்த வகை பெரும்பாலும் திரும்பி வராது.”

“தாடையையா?”

“நாய்ங்க சீக்கிரம் பழகிக்கும் சார். ரெண்டு மூணு வாரத்துல தானா சாப்பிடும். வயசு பெரிய தடையில்ல. ஹார்ட், கிட்னி எல்லாம் நல்லா இருக்கு.”

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. தாடை எடுக்கப்பட்ட மனிதர்களுக்கு அவர் வாய்க்குள் பொருத்தும் தகடு செய்து கொடுத்திருக்கிறார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வருவார்கள். கண்ணாடியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கதி மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். மனைவியிடம் சொன்னால் ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்பாள். அதனால் வீட்டுக்கு வந்து, “ஒண்ணும் பண்ண முடியாதாம். வலிக்கு மாத்திரை கொடுத்திருக்காங்க,” என்றார்.

அவள் நம்பினாள்.

இரண்டு மாதத்தில் கட்டி வாயை மூடவிடாமல் வளர்ந்துவிட்டது. மாப்பிள்ளை சுவரோரம் நின்று முனகுவதைப் பொறுக்க முடியாமல், “வாங்க, இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம்,” என்று அவளே கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் அவரும் கூடப் போனார்.

டாக்டரம்மா வெகுநேரம் தடவிப் பார்த்தார். புதிதாக எக்ஸ்ரேயும் எடுத்தார். “எலும்புல பின்னாடி வரைக்கும் போயிடுச்சு. இனிமே முழுசா எடுக்க முடியாது. வாரம் ஒரு தடவை, நாலு வாரம் கதிர்வீச்சு கொடுக்கலாம். வலி குறையும், குணமாகாது.” பிறகு கணவர் பக்கம் திரும்பி, “நான் சொன்னப்பவே ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டிருந்தா…” என்று ஆரம்பித்தவர், அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையின் சங்கிலியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கதிர்வீச்சுக்குப் போன முதல் நாள், பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் தன் கிழட்டு நாயோடு உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழ்த்தாடையில் முன்பாதி இல்லை. நாக்கு ஒரு பக்கம் தொங்க, அது நேராக வந்து அவர் கையை நக்கியது.

“ஆபரேஷன் பண்ணி ஒன்றரை வருஷம் ஆச்சு, சும்மா செக்கப்புக்கு வந்தோம். பிஸ்கட்டைக் கண்டா இவனைப் பிடிக்க முடியாது!” என்று சிரித்தாள் அவள்.

அவர் மாப்பிள்ளையின் வாயைத் திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு மேற்கொண்டு மூன்று மாதம் கிடைத்தது. கூழாகப் பிசைந்ததை மனைவி கையிலிருந்து நக்கித் தின்றது. ஒருநாள் காலையில் தண்ணீரும் இறங்கவில்லை. அவள் மடியில் தலை வைத்தபடி, டாக்டரம்மா போட்ட ஊசியில் கண்ணை மூடியது.

ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டாள். “என்கிட்ட ஏங்க மறைச்சீங்க?”

“நீ சரின்னு சொல்லிடுவியேன்னு பயம்.”

“சொல்லியிருப்பேன்,” என்றாள்.

அதற்கு மேல் சண்டையில்லை. பேசுகிறாள், பரிமாறுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் டாக்டர் இப்படிச் சொன்னார் என்று அவர் எதைச் சொன்னாலும், மருந்துச் சீட்டைக் கையை நீட்டி வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை படித்துப் பார்க்கிறாள். அவரும் கொடுத்துவிடுகிறார்.