எண்ணெயில் ஊறிய ராஜா

கண்ணாடிக்கடைக்காரருக்கு வேலையே மூக்குகளோடுதான். எந்த மூக்கில் ஃபிரேம் நிற்கும், எதில் வழுக்கும் என்று ஆள் வாசற்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். ரோமாபுரியின் பழைய வெண்கலக் காசுகளையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. மேஜை விளக்கைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் படரவிட்டால் மூக்கும் தாடையும் நிழலாக எழுந்து வரும். எந்த ராஜா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த ஒரு காசைத் தவிர.

அதை வாங்கி வந்தவர் அவர் மனைவியின் அண்ணன். பூட்டு ரிப்பேர்காரர், அவருக்கும் இதே பைத்தியம். காசில் பாதி முகம்தான் தெரிந்தது. மீதியெல்லாம் பச்சைக் களிம்பு.

"டைட்டஸ் ராஜா" என்றார் இவர்.

"டிராஜன். கண்ணாடி விக்கிற ஆளுக்கே கண்ணு தெரியல" என்றார் அவர்.

பேச்சு முற்றியது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. நடுவில் கிடந்து தவித்தவள் மனைவிதான். களிம்பு இளக ஊறப்போட்டிருந்த காசை எண்ணெய்ப் பாட்டிலோடு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இனி ரெண்டு பேரும் இதைத் தொடக் கூடாது."

வருடங்கள் ஓடின. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"மாமா வரலைன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்பா" என்றாள் மகள். அழவில்லை, அமைதியாகச் சொன்னாள்.

அன்று மாலையே மனைவி பாட்டிலை எடுத்துக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பூட்டுக்கடையில் அண்ணன் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மச்சான், அது டிராஜனாவே இருக்கட்டும். கல்யாணத்துக்கு வாங்க."

அரம் நின்றது. "போனாப் போகுதுன்னு விட்டுக்கொடுக்க வேணாம், மாப்ள. பார்த்துட்டுச் சொல்லுங்க."

காசைத் துடைத்தார்கள். இத்தனை காலம் ஊறியதில் களிம்பு நன்றாக இளகியிருந்தது. மச்சான் பல்குச்சியால் மெல்ல நெம்ப, தலையின் பின்பக்கத்திலிருந்து ஒரு கட்டி உதிர்ந்தது. இவர் விளக்கைச் சாய்த்தார்.

ராஜாவின் இலைக்கிரீடத்து முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில், பின்னிச் சுருட்டிய கொண்டை.

இருவரும் காசின் மேல் குனிந்தார்கள்.

"மாப்ள... இது பொம்பள."

"ஃபாஸ்டினா மகாராணி" என்றார் இவர், ஈனக்குரலில்.

"அப்ப இத்தனை வருஷமா ஒரு பொம்பளைக்காகவா அடிச்சுக்கிட்டோம்?"

"அதை இப்படி வெளியில சொல்லி வைக்காதீங்கண்ணா" என்றாள் தங்கை. "கல்யாண வீட்ல வேற மாதிரி நினைப்பாங்க."

முதலில் சிரித்தவர் மச்சான். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, தங்கை கணவரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

கல்யாணத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவரும் அவர்தான். அலங்காரம் முடிந்து திரும்பி நின்ற மணப்பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை கொண்டையை முதல்லயே பார்த்துட்டேன், மாப்ள. சந்தேகமே இல்ல. இது நம்ம பொண்ணுதான்."