காலேபின் இடது கால்

டீ குடிக்கும்போதும் காலேபின் இடது கால் தரையை அமுக்கும். திருத்தணி பஸ் வளைவில் திரும்பினால், ஓட்டுநரோடு சேர்ந்து பின்சீட்டில் இவரும் ஒரு கிளட்ச் போடுவார். சர்ச்சில் பாட்டின் வேகம் குறைந்தால்கூடக் கால் இறங்கிவிடும். கியர் டிராக்டரிலேயே தேய்ந்த முழங்கால்.

கங்காதரன் தன் மாந்தோப்புக்குக் குட்டி டிராக்டர் வாங்கியதிலிருந்து காலேபுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் கியர் மாற்றும் வேலை இல்லை. வலது பாதத்தின் கீழிருக்கும் பெடலே ஓட்டும், வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அதில் பழகியவள் காலேபின் மச்சினி சுஜா. வேறு வண்டியைத் தொட்டதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலைச் சும்மா நீட்டிவைத்திருப்பாள். அந்தக் காலைப் பார்த்தால்தான் காலேபுக்கு வயிறு எரியும்.

“ஒரு காலுக்கு வேலையே இல்ல, அதெல்லாம் ஒரு வண்டியா? அப்போ கிளட்சு இன்னாத்துக்கு? அழகுக்கா?”

“ஸ்டார்ட் பண்ண, ரொட்டவேட்டர் போட, ஹை, லோ மாத்த. அவ்ளோதான் பாவா. ஓடிக்கினு இருக்கசொல்ல அதுமேல கால வெக்காதீங்க.”

“ஆங், எனக்கே கிளாஸ் எடு!”

தோப்பு வேலை யாருக்கு என்று சனிக்கிழமை முடிவாக இருந்தது. ஆளுக்கு ஒரு வரிசை உழச் சொன்னார் கங்காதரன். காலேப் முதலில் ஏறினார். மாமரம் நெருங்கியதும், வேகத்தைக் குறைக்க இடது கால் தானாக இறங்கியது. அவருடைய பழைய டிராக்டரில் கிளட்சைப் பாதி மிதித்தால் சக்கரம்தான் நிற்கும். பின்னால் மண்ணைப் புரட்டும் ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். இதில் இரண்டும் சேர்ந்து நின்றன. காலை எடுத்தார், வண்டி குதித்தது. அடுத்த மரத்திலும் அதே கதை. திரும்பிப் பார்த்தால், மரத்துக்கு மரம் உழாத புல் ஒரு திட்டு.

“இன்னா காலேபு, மாடு மேய உட்டு வச்சிருக்கியா?”

“வண்டி சரியில்லைங்க.”

சுஜா ஏறினாள். கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்தாள், மிதித்தபடியே ரொட்டவேட்டரைப் போட்டாள், காலை எடுத்தாள். அதன்பின் அந்தக் கால் அசையவில்லை. மரம் வந்ததும் வலது பாதத்தைச் சற்றே தளர்த்தினாள். வண்டி மெதுவானது; மண் மட்டும் அதே வேகத்தில் புரண்டது.

வரிசை முடியும் முன்பே, “இந்த சீசனுக்கு சுஜாவே ஓட்டட்டும்பா” என்று சொல்லிவிட்டார் கங்காதரன்.

காலேப் வரப்பில் உட்கார்ந்தார். “அடுத்த மரத்துல நிக்கும் பாருங்க,” என்றார். நிற்கவில்லை. அதற்கடுத்த மரத்தை வண்டி நெருங்கியபோது, தன் இடது முழங்காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.