பச்சை வளைவுக்குள் ஒரு முள்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில், நில அளவைப் பிரிவில் நான் வரைவாளர். வயல்களையும் வரப்புகளையும் கிணறுகளையும் மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப் படமாக வரைவதுதான் வேலை. பதினைந்து வருஷம் அப்படி வரைந்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட மேலே போய்ப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மழைநாள், ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்து இடது காலில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். என் கணவர் மோட்டார் மெக்கானிக். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்து, கிணற்று மோட்டார்களும் பெட்ரோல் இன்ஜின்களும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுப் போனால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் வருவார். நடுவில் நானும் மின்விசிறியும்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி அந்தச் சமயம் வந்திருந்தான். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் பிளைட் சிமுலேட்டர் என்கிற விமானம் ஓட்டும் விளையாட்டைப் போட்டுத் தந்தான். ஓட்டுவதற்கு ஒரு ஜாய்ஸ்டிக்கையும் மேஜையில் வைத்தான். "கால் தேவையில்ல அக்கா, கை போதும்," என்றான்.

முதல் வாரம் எனக்குத் தூக்கத்தில் நடப்பது மாதிரி இருந்தது. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, மீனம்பாக்கத்தில் கிளம்பி, மேற்கே திரும்புவேன். திரையில் பச்சையும் காவியுமாகக் கட்டம் கட்டமாக நிலம் நகரும். நான் வரைந்த புலப்படங்களை யாரோ ஒன்றோடொன்று ஒட்டி, பாயாக விரித்துப்போட்ட மாதிரி. மேகத்துக்குள் போனால் ஒன்றும் இருக்காது, வெறும் வெள்ளை. அதிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வருவேன். நேரம் போவதே தெரியாது.

ஆனால் இரண்டு வாரத்தில் ஒன்று புரிந்தது. சிமுலேட்டரோடு வந்த அந்தச் சின்ன விமானம் விழவே விழாது. எப்படி இழுத்தாலும், எதைத் தப்பாகச் செய்தாலும், கொஞ்சம் தலையை ஆட்டிவிட்டு நேராகிவிடும். கணவர் ஒரு மதியம் சாப்பிட்டபடியே அதன் இன்ஜினைக் கேட்டுவிட்டு, "என்ன சத்தம் இது, மிக்ஸி ஓடுற மாதிரி," என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

சிங்கப்பூர் திரும்பியிருந்த தம்பிக்கு, இது விழவே மாட்டேன் என்கிறது என்று மெயிலில் எழுதினேன். அவன் சிரித்திருப்பான். தனியாக விற்கிற விமானங்கள் இருக்கின்றன, நிஜம் மாதிரியே செய்திருப்பார்கள், ஒற்றை இன்ஜின் விமானத்தில் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது. மூன்றுக்கும் ஓட்டிப் பார்க்க இலவச மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் கிளம்பியதிலிருந்து பத்து நிமிஷம் பறக்கும், பிறகு திரையில் ஒரு பெட்டி வந்து நின்றுவிடும். மூன்றையும் சிடியில் போட்டு, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். 'ஓட்டிப் பார்த்து ஒன்றே ஒன்றைச் சொல், நான் வாங்கித் தருகிறேன்' என்று எழுதியிருந்தான்.

முதலாவது புத்தம்புது விமானம். டயல்களே இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெரிய கண்ணாடித் திரைகள். அதில் வரைபடம் நகரும், ஆறு நீலமாகவும் மேட்டு நிலம் பழுப்பாகவும் தெரியும். வரைபடம் என்றால் எனக்கு விட்டுவிட முடியாது. பத்து நிமிஷத்தில் பாதி நேரம் வெளியே பார்க்கவே இல்லை. இரண்டாவது, இறக்கை கீழே உள்ள வேகமான விமானம். அழகாக இருந்தது, ஆனால் நிலத்தைப் பார்க்கவிடாமல் இறக்கை மறைத்தது. அதை ஒதுக்கினேன்.

மூன்றாவது பழைய பயிற்சி விமானம். இறக்கை மேலே. பெயின்ட் உரிந்து, டயல்களின் கண்ணாடி மங்கி, சீட்டில் ஒரு கிழிசல். ஸ்டார்ட் பண்ணவே எனக்கு அரை மணி நேரமானது. சாவியைத் திருப்பினால் உறுமி, இருமி, நின்றுவிடும். கடையிலிருந்து சாப்பிட வந்த கணவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"ஜாஸ்தி பெட்ரோல் குடுத்துட்ட. கொஞ்சம் காத்து விடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம்தான் சொல்லுதே."

அவர் சொன்னபடி எரிபொருள் லிவரை முழுக்க மூடி, த்ராட்டிலைத் திறந்து சுற்றவிட்டேன். பிடித்துக்கொண்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தட்டை எடுக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கிளம்பினோம். அன்று திரையில் மழை மேகம் போட்டிருந்தேன். ஒரு ஏரி தெரிந்தது, அதை நிதானமாகப் பார்க்கலாம் என்று வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்தேன். இன்ஜின் ஒரு மாதிரி உதற ஆரம்பித்தது. பிறகு சத்தம் அடங்கியது. விமானத்தின் முன்விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றின் ஓசை மட்டும்.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சா?" என்றார்.

"இல்லங்க, ஆறுதான் ஆவுது. பெட்டியும் வரல."

அவ்வளவு அமைதியான இறக்கத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஏரி பக்கவாட்டில் சாய்ந்து போனது. வயல்கள் மெல்ல மெல்லப் பெரிதாயின. ஒரு கரம்பு நிலத்தில் இறங்கி, குதித்து, நின்றோம். கட்டுப்போட்ட காலைக் கீழே ஊன்றியிருந்ததையே அப்போதுதான் பார்த்தேன்.

அந்த விமானத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டினால் இப்படி நின்றுவிடும் என்று போட்டிருந்தது. ஈரக்காற்றில் வேகத்தைக் குறைக்கும் முன், சூடான காற்றைத் திறந்துவிடும் லிவர் ஒன்றை இழுக்க வேண்டுமாம்.

"நம்ம ஊரு வெயிலுக்கு ஐஸா?" என்றேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஓடுற பெட்ரோல் இன்ஜின்ல கார்புரேட்டர் மேல கைய வச்சுப் பாரு. ஜில்லுனு இருக்கும். வெளியில வேர்த்து நிக்கும். பெட்ரோல் ஆவியாவும்போது சூட்ட இழுத்துக்கும்," என்றவர், திரையைக் காட்டினார். "இதச் செஞ்சவன் இன்ஜின் பிரிச்சுப் பார்த்தவன்."

அதன்பின் தினமும் மதியம் சாப்பாட்டு வேளை நீண்டது. அவர் சொல்லுவார், நான் ஓட்டுவேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. இருந்தும், எதை வாங்குவது என்று தம்பிக்கு எழுத உட்கார்ந்தபோது என் மனசு முதல் விமானத்தின் பக்கம்தான் போனது. அந்த நகரும் வரைபடம்.

"உனக்குப் பிடிச்சத வாங்கு," என்றார்.

"நீங்களும் ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

வேண்டாம் வேண்டாம் என்றவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்தேன். கண்ணாடித் திரை விமானத்தைத்தான் போட்டேன். ஜாய்ஸ்டிக்கை அவர் பிடித்த விதமே வேறு. ஸ்பேனர் பிடிக்கிற கை, ஆனால் இரண்டு விரலால்தான் தொட்டார். எனக்கு ஒரு வாரம் வராத நேர்கோடு அவருக்கு இரண்டு நிமிஷத்தில் வந்தது.

ஓரத்தில் இன்ஜின் வேகத்தைக் காட்டும் பட்டை ஏறிக்கொண்டே போனது.

"சிவப்புக்குப் போயிடுச்சு பாருங்க. பச்சைக்குக் கொண்டாங்க," என்றேன்.

அவர் குறைக்கவில்லை. "எங்க போச்சு?"

"சிவப்புக்குங்க. அதோ."

"எது சிவப்பு?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்திருந்தார். பிறகு ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். விமானம் தானாகச் சாய ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைத் தடுக்கவில்லை.

"எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது," என்றார்.

சந்தையிலிருந்து அவர் கொண்டுவருகிற காய்த் தக்காளிகள் எனக்கு நினைவு வந்தன. எத்தனை தடவை, 'கண்ணு தெரியலையா உங்களுக்கு' என்று கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் பதில் சொன்னதில்லை. மோட்டாருக்கு ஒயர் கொடுக்கும்போது எர்த் ஒயரில் அவர் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பதையும் பார்த்திருக்கிறேன். ஏதோ தொழில் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"பச்ச ஒயர்லதான் முடிச்சு," என்றார், நான் கேட்டதும். "டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு முடிச்சு போட்டுருவேன். அப்புறம் தப்பு வராது."

"எப்போலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்துதான். ஆனா தெரிஞ்சது பன்னெண்டாவது முடிச்ச பிறகு. ஏர்ஃபோர்ஸுக்கு ஆள் எடுத்தாங்க, தாம்பரம் போனேன். எழுத்துல பாஸு. ஓட்டத்துல பாஸு. கடைசியா ஒரு புக்கத் தொறந்து காட்டுனாங்க. முழுக்கப் புள்ளி. உள்ள ஒரு நம்பர் இருக்குது, படின்னாங்க. வெறும் புள்ளிதான் சார் இருக்குதுன்னேன்."

"ஓட்டணும்னு ஆசையா?"

"சேச்சே. பிளேன் இன்ஜின் ஒண்ணப் பிரிச்சுப் பாக்கணும்னு. அவ்ளோதான்."

எங்கள் கல்யாணத்தின்போது அவர் வீட்டிலோ எங்கள் வீட்டிலோ யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தாராம். அதன்பிறகு சொல்ல நாளே அமையவில்லையாம். எனக்குக் கோபம் வரவில்லை. தக்காளியை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் விமானம் எங்கேயோ வயலில் விழுந்து நின்றிருந்தது.

சற்றுக் கழித்து மூன்றாவது விமானத்தைப் போட்டேன். டயல்களில் அதே பச்சை வளைவு, அதே சிவப்புக் கோடு உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருந்தது. முள் எங்கே நிற்கிறது என்பதற்கு நிறம் வேண்டாம்.

"இதக் கடிகாரம்னு வச்சுக்கிட்டா, முள்ளு ரெண்டு மணியத் தாண்டக் கூடாது," என்றேன். "இந்தப் பக்கத்து டயல்ல எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கணும்."

"ம். இதுன்னா பாத்துக்கலாம்," என்றார். ஏறினார். நான் வாயைத் திறக்கும் முன்பே, வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால், சூடான காற்று லிவரை இழுத்துவிட்டிருந்தார்.

அன்றே தம்பிக்கு எழுதினேன். மூன்றாவது. ஏன் அந்தக் கிழட்டு விமானம் என்று கேட்டான். இன்ஜின் நன்றாக இருக்கிறது, மாமாவும் அதைத்தான் சொல்கிறார் என்று எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை. கணவர் அனுமதித்தால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பல வருஷம் கழித்து அவரே சொன்னார், சர்வசாதாரணமாக, சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

விமானம் முழுதாக வந்து சேர்ந்ததும் பத்து நிமிஷக் கணக்கு போய்விட்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மேலேயே இருக்கலாம். எனக்குக் கட்டுப் பிரித்து, கோலூன்றி ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகும் ஞாயிறு மதியங்கள் அதற்கென்றே ஆயின. ஆபீஸ் படத்திலிருந்து நம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொண்டு வந்தேன். அவர் ஓட்ட, நான் திசை சொல்ல, மீனம்பாக்கத்திலிருந்து தென்மேற்கே வந்தோம்.

ஊர் இல்லை. கோபுரம் இல்லை, தெரு இல்லை, எங்கள் வீடும் இல்லை. பழுப்பு வெளிக்கு நடுவில், யாரோ போர்வைக்குள் முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது போல ஒரு மேடு. எங்கள் ஊரின் நிஜ மலையில் பாதி உயரம்கூட இருக்காது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது.

"மலைதான்," என்றார். "கிரிவலம் மாதிரி, வலமாப் போவோம்."

வலமாகப் போனால் மலை வலது கைப்பக்கம் வரும். ஓட்டுகிறவருக்கு இடது சீட். முன் கண்ணாடியைப் பார்த்தால் மலை தெரியாது. வலது ஜன்னலைத் திரையில் கொண்டுவந்தால் முன்னால் இருப்பது தெரியாது. நான் ஜன்னலை மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"வலது பக்கமே இருக்கட்டும்," என்றார். "நான் முள்ளப் பாத்துக்கிறேன். நீ மலையப் பாத்துச் சொல்லு."

"கொஞ்சம் தள்ளிப் போவுது."

லேசாகச் சாய்த்தார். மேடு நெருங்கி வந்தது. அதன் நிழல் அந்த வெளிமேல் நீளமாகக் கிடந்தது.

"இப்போ?"

"இப்போ சரியா இருக்குது. இப்படியே போங்க."

வெளியே தெருவில் பூக்காரம்மா கூவிக்கொண்டு போனார். பூ வாங்க நாங்கள் எழுந்து போகவில்லை. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.