ரத்தம் பார்த்த நம்பர்

எங்கே விபத்து நடந்தாலும் என் கணவர் ஓடுவார். அடிபட்டவரைப் பார்க்க அல்ல, வண்டி நம்பரைப் பார்க்க. “ரத்தம் பார்த்த நம்பர் கண்டிப்பா அடிக்கும்லா” என்று அதையே நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எடுப்பார். ஒருமுறைகூட அடித்ததில்லை.

லகாட் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவரே இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் கிடந்த மோட்டாரைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு அந்த மோட்டார் நம்பருக்கே முதல் பரிசு. எஸ்டேட் லயம் முழுக்கக் கோழிக்கறி மணத்தது. பக்கத்து வீட்டு அக்கா எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். துக்க வீட்டுக்குக் கறி கொடுக்கக் கூடாது என்பதுகூட அவருக்கு மறந்திருந்தது.

“உன் வீட்டுக்காரரு போயும் எல்லாருக்கும் கொடுத்துட்டாரு. நீ எடுக்கலையா?”

இல்லையென்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி வைத்தேன். ஆயுசெல்லாம் அவர் தேடிய நம்பர் அவர் வண்டியிலேயே இருந்திருக்கிறது. அது அடிக்க அவர் சாக வேண்டியிருந்தது.